கம்பி வேலிக்குள் வந்த புத்தகம்

1948 ஜூன் 18. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது.

1950. லூபோக் சீனாவை அடுத்திருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் தனித்தனியாகக் கிடந்த லயங்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், பிரிக்கப்பட்டு ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டப்பட்டன. சுற்றிலும் முள்கம்பி வேலி போடப்பட்டது. அதே ஆண்டில் எனக்குத் திருமணம் நடந்தது.

1953 பிப்ரவரி. என் மனைவி எழுதிய நாவல் மலாக்கா நகரில் அச்சாகி முடிந்தது. அதே மாதம், தோட்டத்து வாசலில் அதன் பிரதிகள் தடுத்து வைக்கப்பட்டன.

1953 மார்ச். பிரதிகள் திருப்பித் தரப்பட்டன.

1953 செப்டம்பர் 3. மலாக்காவின் ஒரு பகுதியில் அவசரகாலக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. எங்கள் தோட்டம் அப்பகுதிக்குள் அடங்கவில்லை.

1960 ஜூலை 31. அவசரகாலம் முடிவுக்கு வந்தது.

1996 நவம்பர். என் மனைவி காலமானாள்.

மேலே குறித்தவை அனைத்தும் சரிபார்க்கப்பட்டவை. இனி வருபவற்றுக்கு என் நினைவும், அலமாரியில் இருக்கும் அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியுமே சான்று. அவளைப் பற்றி யாராவது எழுதவேண்டும் என்று இரங்கல் கூட்டத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். அவள் எழுதிய காலத்தில் உடனிருந்தவர்களில் எஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே எழுதுகிறேன்.

நான் அப்போது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர். அவள் மலாக்கா நகரத்தில் வளர்ந்தவள். அவள் தந்தை ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தார். ஏழாம் வகுப்போடு அவள் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். திருமணமாகி வந்தபோது அவளுடைய பெட்டியில் புடவைகளுக்கு அடியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பத்திரிகைகளில் கிழித்தெடுத்த தொடர்கதைகள் தைத்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றை அவள் மறுபடியும் படித்து நான் பார்த்ததில்லை. எப்படி எழுதக் கூடாது என்று தெரிந்துகொள்ள வைத்திருப்பதாக ஒருமுறை சொன்னாள். அவளுக்கு அப்போது இருபது வயது.

நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாவு வீட்டில் ஏற்பட்ட மனத்தாங்கலால் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு நாத்தனார்கள் தோட்டத்தின் இரு கோடிகளில் நிம்மதியாக வாழ்ந்து வருகிறார்கள். அரசாங்கம் லயங்களைப் பெயர்த்து வேலிக்குள் சேர்க்கிறது. புதிய லயத்தில் அவர்களுக்குக் கிடைப்பவை அடுத்தடுத்த வீடுகள். நடுவில் கூரையை எட்டாத ஒரு பலகைச் சுவர். ஒருத்தி இருமினால் மற்றவளுக்குக் கேட்கும். ஒருத்தி தாளித்தால் மற்றவளுக்குத் தும்மல் வரும். ஓராண்டுக் காலம் இருவரும் பேசுவதில்லை. அவ்வளவுதான் கதை. அதில் துப்பாக்கி இல்லை, காட்டிலிருந்து யாரும் வருவதில்லை. அந்த ஆண்டுகளைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதியை, பின்னாளில் பல்கலைக்கழகத்தில் செய்த என் பணியின் பொருட்டு நான் வாசிக்க நேர்ந்தது. வேலிக்குள் வாழ்வது எப்படி இருந்தது என்பதை அவள் அளவுக்குச் சொன்னவர்கள் குறைவு. கணவன் என்ற முறையில் அன்றி, வாசித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எழுதி முடித்ததும் அவள் விதித்த நிபந்தனை ஒன்றுதான். புத்தகத்தை முதலில் படிக்கவேண்டியவர்கள் லயத்து மக்கள். பத்திரிகைக்கு அனுப்புவதும் நகரத்துக் கடைகளில் வைப்பதும் அதற்குப் பிறகுதான். மலாக்காவில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஞாயிறு மலருக்கு விமரிசனம் எழுதித் தருவதாகவும், அச்சுக்குப் போகும் முன்பே கையெழுத்துப் படியைப் பார்க்க விரும்புவதாகவும் சொல்லியனுப்பினார். அவள் மறுத்துவிட்டாள். "நம்ம ஆளுங்க படிச்சிட்டு, இது பொய்யின்னு சொன்னா, நான் டவுனுக்கு அனுப்பவே மாட்டேங்க" என்றாள். லயத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பதை நினைவூட்டினேன். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் படித்துச் சொல்வார்கள், குழாயடியில் வேறு என்ன வேலை என்றாள்.

எங்களுக்குத் தெரிந்த அச்சகம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் திருமணப் பத்திரிகையை அச்சிட்ட அச்சகம் அது. மலாக்கா நகரத்தில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் காலால் மிதித்து ஓட்டும் ஓர் இயந்திரம், எழுத்துப் பெட்டிகள், ஒரு முதலாளி, அச்சுக்கோப்பவர் ஒருவர். திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா, கருமாதி ஆகிய இவற்றுக்கான பத்திரிகைகளைத் தவிர அவர்கள் வேறெதையும் அச்சிட்டதில்லை. புத்தகம் என்றதும் முதலாளி தயங்கினார். இருந்த ஈய எழுத்துகள் ஒரே சமயத்தில் நான்கு பக்கங்களுக்கே போதுமானவை. நான்கு பக்கம் கோத்து, அச்சிட்டு, எழுத்துகளை மறுபடியும் பெட்டிகளில் பிரித்துப் போட்ட பிறகே அடுத்த நான்கு பக்கங்களைத் தொடங்க முடியும். நடுவில் முகூர்த்த மாதம் வந்துவிட்டால் புத்தகம் காத்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அவள் தலையசைத்தாள்.

அட்டையில் யார் பெயரைப் போடுவது என்று முதலாளி என்னைப் பார்த்துக் கேட்டார். பெண்கள் எழுதினால் கணவர் பெயரையோ புனைபெயரையோ போடுவதே அன்றைய வழக்கம். பதில் அவளிடமிருந்து வந்தது.

"எழுதினது நான்தாண்ணே. என் பேரு மட்டும் போடுங்க. சின்ன எழுத்தாப் போட்டாலும் சரி."

அச்சுக்கோப்பவர் பெட்டியிலிருந்து தலையை உயர்த்தாமலே, பெரிய எழுத்து இருக்கிறது என்றார்.

தீபாவளிக்குப் பின் தொடங்கிய வேலை தை மாதம் வரை நீண்டது. சனிக்கிழமைகளில் இருவரும் பேருந்தில் போய், அச்சிட்ட பார்வைப் படியைத் திருத்திக் கொடுத்து வந்தோம். தன் வாக்கியத்தை முதன்முதலாக அச்செழுத்தில் கண்டபோது அவள் செய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் அதைப் படிக்கவில்லை. தாளைத் திருப்பி, பின்புறத்தில் எழுத்துகள் அழுந்திய இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். பிறகு முன்புறத்தைப் பார்த்து, மூன்றாவது வரியில் ஒரு சொல் தேவையில்லை, எடுத்துவிடுங்கள் என்றாள். தன் எழுத்து அச்சேறிய மகிழ்ச்சியில் இருந்த ஒருத்தி, அதே நிமிடத்தில் அதிலிருந்து ஒரு சொல்லை வெட்டினாள். பல்கலைக்கழகத்தில் இருந்த ஆண்டுகளில் எழுத வந்த எத்தனையோ இளைஞர்களைப் பார்த்தேன். இந்தக் குணத்தை மிகச் சிலரிடமே கண்டேன்.

அந்த அச்சுக்கோப்பவருக்கு ஒரு வேலைமுறை உண்டு. எந்தச் சுபகாரியப் பத்திரிகையானாலும் முதலில் பிள்ளையார் சுழியை எடுத்து வைப்பார். கடைசியில், "தாங்கள் தங்கள் சுற்றத்தாருடனும் நண்பர்களுடனும் திரளாக வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்" என்ற வரியை வைப்பார். ஒவ்வொரு பத்திரிகைக்கும் தேவைப்படும் வரி என்பதால் அதை அவர் பிரிப்பதேயில்லை. கோத்த எழுத்துகளை நூலால் சுற்றிக் கட்டி, மேசையின் ஒரு மூலையில் எப்போதும் தயாராக வைத்திருப்பார்.

நாவலின் கடைசிப் பக்கம் ஏழெட்டு வரிகளில் முடிந்துவிட்டது. பார்வைப் படியில் அதற்குக் கீழே வெறும் தாள்தான் இருந்தது. நாங்கள் திருத்திக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, பக்கத்தை இறுக்கி இயந்திரத்தில் ஏற்றும் வேளையில் அவர் கண்ணில் அந்த வெற்றிடம் பட்டிருக்கிறது. ஆயுள் முழுவதும் விளிம்பு வரை நிரப்பிப் பழகிய மனிதர். நூல் கட்டிய வரியை எடுத்து அங்கே வைத்துவிட்டார். எங்களுக்கு அது தெரியாது.

பிரதிகளை வாங்கச் சென்ற நாளில் அவள் தன் கூறைப் புடவையைக் கட்டியிருந்தாள். பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிய பொட்டலங்களை நான் சுமந்தேன். ஒரு பிரதியை மட்டும் அவள் தனியே கையில் வைத்துக்கொண்டாள். பேருந்தில் அதை மடியில் கவிழ்த்து வைத்தாள். சற்று நேரம் கழித்து நிமிர்த்தி வைத்தாள். பிறகு பெயர் பக்கத்து இருக்கைக்குத் தெரியும்படி சற்றே திருப்பி வைத்தாள். பக்கத்தில் இருந்தவர் கோலா சுங்கை பாருவிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்றுவிட்டுத் திரும்பும் மலாய்ப் பெண்மணி. அது என்ன புத்தகம், சமயப் புத்தகமா என்று அவர் மலாயில் கேட்டார். இல்லை, கதை, நான் எழுதியது என்று இவள் சொன்னாள். அந்த அம்மாள் புத்தகத்தை வாங்கிப் பார்க்கவில்லை. இவளுடைய வலக்கையைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை அதில் வைத்தார். வழி நெடுக அவள் புத்தகத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தை மட்டும் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று விட்டுவைத்தாள்.

வேலி வாசலில் வழக்கமான சோதனை. வெளியே போகிறவர்களிடம் காட்டிலிருப்போருக்குக் கொண்டுபோகும் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே வருகிறவர்களிடம் தாள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறப்புக் காவலர் ஒரு மலாய் இளைஞர். எங்களை அவருக்குத் தெரியும். ஆனால் செய்தித்தாள் அல்லாத அச்சுத்தாள் எதுவானாலும், அந்த மொழி தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே உள்ளே விடலாம் என்பது உத்தரவு. அலுவலகத்திலிருந்து பெரிய கிராணியை அழைத்து வந்தார்கள்.

தோட்டத்துக் கணக்கு வழக்குகளைப் பார்த்துப் பழகிய பெரிய கிராணி, எதையும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்தே முடிவு செய்பவர். முதல் பக்கத்தைப் பார்த்தார், குறை இல்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்தார். இரண்டு முறை படித்தார். பிறகு அந்த வரியை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"தேதி இல்ல. இடம் இல்ல. யாரு வீட்டு விசேஷம்னும் இல்ல. ஆனா திரளா வரச் சொல்லியிருக்கு. நான் இதை என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறது, வாத்தியாரே?"

அனுமதியின்றிக் கூட்டம் கூடுவது குற்றமாக இருந்த காலம். ஒரு கையெழுத்தினால் வேலையும், சில சமயம் அதற்கு மேலும் போகக்கூடிய காலம். அவரை நான் அன்றும் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. பொட்டலங்கள் காவல் கொட்டகையில் வைக்கப்பட்டன. அவள் கையில் இருந்த பிரதியையும் கேட்டார்கள். அவள் அதைக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன் முந்தானையால் அட்டையை ஒருமுறை துடைத்தாள்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அரிசி களையும்போது திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். "அது நம்ம கல்யாணப் பத்திரிகையில இருந்த வரிங்க" என்றாள். பெட்டியைத் திறந்து எங்கள் திருமணப் பத்திரிகையை எடுத்துக் காட்டினாள். அதே எழுத்து, அதே வரி, 'நண்பர்' என்ற சொல்லில் தலை மழுங்கிய அதே புள்ளி. சிரித்துக்கொண்டே இருந்தவளின் முகம் சற்று நேரத்தில் மாறியது. அச்சுக்கோப்பவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. புத்தகம் உள்ளே வராமல் போய்விடுமோ என்ற ஒரே அச்சம்தான். நகரத்திலேயே ஒரு கடையில் வைத்திருந்தால் இந்நேரம் நூறு பேர் பார்த்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். அந்த நூறு பேருக்காக எழுதவில்லை என்றாள்.

அடுத்த சில நாட்களில் பிரதிகள் மாவட்டக் காவல் நிலையத்துக்குப் போயின. சாதாரண உடையில் இரண்டு பேர் லயத்துக்கு வந்தார்கள். யாராவது உங்களை எங்கேயாவது கூட்டத்துக்கு அழைத்தார்களா, வாத்தியார் வீட்டில் எதற்காவது வரச் சொன்னார்களா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். யாரும் எதையும் அறியாததால் யாராலும் எதையும் சொல்ல முடியவில்லை. ஆனால் கேள்வியிலிருந்தே செய்தி பரவிவிட்டது. மறுநாள் குழாயடியில் கங்காணியான மண்டோரின் மனைவி என் மனைவியை வழிமறித்தார். பால்மரம் வெட்டும் பெண்களில் மூத்தவர், வாய்க்கு அஞ்சாதவர்.

"ஊரையே அழைச்சிருக்கீங்களாமே வாத்தியாரம்மா. மாத்தாமாத்தா வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா?"

மாத்தாமாத்தா என்றால் போலீஸ். என் மனைவி நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, சரி, புத்தகம் வரட்டும் என்று மட்டும் சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாராம்.

காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. திருமணப் பத்திரிகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவளும் நானும் போனோம். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். வெள்ளைக் கால்சட்டை, கழுத்துப் பட்டை, சட்டைப் பையில் சிறிய சிலுவை ஒன்று தெரிந்தது. அவள் பத்திரிகையையும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தலை மழுங்கிய புள்ளியையும் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டையும் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். உதட்டோரம் சற்று அசைந்தது. ஆனால் விடுவதாக இல்லை.

"விளங்குது, பிள்ளை. ஆனால் உள்ளுக்கு என்ன கிடக்குதெண்டு தெரியாமல் நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? முழுக்க வாசிக்கோணும். அங்கால வாங்கில இருங்கோ."

நாங்கள் வெளியே நீண்ட பெஞ்சில் அமர்ந்தோம். சன்னல் வழியாக அவர் தெரிந்தார். அவர் வாசிக்கத் தொடங்கினார்.

அன்று நான் கண்டதை எப்படிச் சொல்வது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சுற்றிலும் துப்பாக்கி ஏந்தியவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். விலங்கிட்ட ஒருவரை எங்கள் முன்னால் கூட்டிப் போனார்கள். என் வேலை போய்விடும், ஒருவேளை நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே இல்லை. தன் முதல் வாசகரின் முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரது இடக்கையில் தாள்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதைக் கொண்டே அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று அவளால் சொல்ல முடிந்தது. "இப்ப லயத்த பிரிக்கிறாங்க" என்று என் காதில் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "தாளிக்கிற இடம்" என்றாள். அவர் உள்ளே தனியாகச் சிரித்தார். அவள் என் மணிக்கட்டைப் பற்றினாள். ஓரிடத்தில் அவர் இரண்டு பக்கம் பின்னால் திருப்பி மறுபடியும் படித்தார். அவள் முகம் வாடியது. "அந்த இடம் தெளிவா இல்ல போலிருக்கு. மாத்தி எழுதியிருக்கலாம்" என்றாள். பிரதிகள் எரிக்கப்படலாம் என்ற நிலையில், அவள் அடுத்த பதிப்புக்குத் திருத்தம் செய்துகொண்டிருந்தாள்.

மதிய உணவுக்கு அவர் எழவில்லை. ஒரு காவலர் கோப்பியைக் கொண்டு போய் வைத்தார், அது ஆறியது. வெயில் சன்னலின் மறுபுறம் திரும்பிய பிறகு அவர் வெளியே வந்தார். எங்களை நோக்கி நடந்து வந்து, பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தார். அதிகாரியாகப் பேசவில்லை.

"அவளுக்குக் காய்ச்சல் கண்ட நேரம் மற்றவ சுவருக்கு மேலால கஞ்சி குடுக்கிறா. அப்பவும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கேல்லை. ஏன் பிள்ளை?"

அவள் சற்றும் தயங்காமல் பதில் சொன்னாள். "பேசிட்டா சண்டை முடிஞ்சிரும் ஐயா. சண்டை முடியல. கஞ்சி மட்டும்தான் குடுத்தாங்க."

அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி, தன் தமையனோடு பேசிப் பல காலம் ஆகிறது என்று சொன்னார். பிறகு எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு முடிவைத் தெரிவித்தார். புத்தகத்தில் ஆட்சேபிக்கத்தக்கது எதுவும் இல்லை என்று எழுதித் தருவார். ஆனால் கடைசி வரி வெளியே போகக் கூடாது. ஒவ்வொரு பிரதியிலும், அங்கேயே, அவர் கண்முன் மை பூசி மறைக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையின் கதையை ஆங்கிலத் துரைமாருக்கு விளங்கப்படுத்தத் தன்னால் இயலாது என்றார்.

கருப்பு மையும் தூரிகையும் தந்தார்கள். நான் தூரிகையை எடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். மேசையில் இருந்த அடிமட்டத்தைக் கேட்டு வாங்கி, வரியின் மேலும் கீழும் வைத்து, மை எங்கும் சிந்தாமல் ஒரே அகலத்தில் ஒரே நேர்கோடாகப் பூசினாள். ஒவ்வொரு பிரதியையும் விரித்துக் காயவைத்தாள். முடித்தபோது அது தணிக்கை செய்த இடமாகவே தெரியவில்லை. கதை முடிந்ததைக் காட்ட அச்சகத்தார் வேண்டுமென்றே போட்ட தடித்த கோடு போலவே இருந்தது. இருபத்துமூன்று வயதில், காவல் நிலையத்தின் மேசை முன் நின்றுகொண்டு, தனக்கு நேர்ந்த தண்டனையை அவள் தன் புத்தகத்தின் அலங்காரமாக மாற்றிவிட்டாள்.

பெரியவர் தொடக்கத்திலேயே ஒரு பிரதியை எடுத்துத் தனியே வைத்திருந்தார். அதில் மை பூச வேண்டாம், அது தனக்கு என்றார். பேனாவை நீட்டி, பெயர் எழுதித் தரச் சொன்னார். அவள் தன் வாழ்வில் புத்தகத்தில் இட்ட முதல் கையெழுத்து அதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்றும் அரைநாள் வேலை இருந்தது. தொழிலாளர்கள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீடு திரும்பிக் குளித்து முடிக்கும் நேரத்தில் எங்கள் வாசலில் ஒரு குரல் கேட்டது. மண்டோரின் மனைவி. கட்டியிருந்தது திருவிழாப் புடவை. கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால் மேலும் மூன்று பெண்கள்.

என் மனைவி பதறி, அந்த வரியை அழித்துவிட்டார்கள், அழைப்பு இல்லை என்று விளக்க முயன்றாள்.

"மை பூசிட்டா அழைச்சது இல்லேன்னு ஆயிருமா? அழைச்சப்புறம் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை என்னா, ஓரமா நின்னா எப்படி? பாயை விரிங்கலா."

நான் பாயை விரித்தேன்.

அவள் புத்தகத்தைத் திறந்து முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினாள். அவர்கள் நால்வரும் எழுந்தபோது வெளியே வேறு நால்வர் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வேறு சிலர். கூட்டம் கூடக் கூடாது என்பதை அவர்கள் அறிவார்கள். ஆகவே தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, சிறு சிறு குழுவாக, முதல் குழு போன பிறகே அடுத்த குழு என்று வந்தார்கள். காவல் கொட்டகையில் இருந்த மலாய் இளைஞருக்கு அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பாட்டை முணுமுணுத்தார். அன்று பிற்பகல் முழுவதும் அவள் அதே முதல் அத்தியாயத்தை மறுபடி மறுபடி படித்தாள். ஒவ்வொரு முறையும் அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனித்தாள். ஒருத்தி, என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் உள்ள பலகையைப் பார்த்துத்தானே எழுதினாய் என்று சண்டைக்கு வந்தாள். அவளைத் தொடர்ந்து வந்த மற்றொருத்தியும் அதையே கேட்டாள். இருவரிடமும் இல்லை என்று சொன்ன என் மனைவியின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, பிற்காலத்தில் அவளுக்குப் பரிசளித்த மேடைகள் எதிலும் நான் காணவில்லை. பொய் என்று யாரும் சொல்லவில்லை.

ஊரடங்குச் சங்கு ஊதியபோது அவளுக்குக் குரல் கட்டியிருந்தது. பிரதிகளில் பாதிக்கு மேல் வீடுகளுக்குப் போய்விட்டன. அடுத்த சில நாட்கள் குழாயடியில் இரண்டாம் அத்தியாயம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அவள் அதைக் கேட்கப் போகவில்லை. அது இனி அவர்களுடையது என்று சொன்னாள். நகரத்துக்கு அவள் பிரதிகளை அனுப்பியது அதற்கடுத்த வாரம்தான்.

அச்சகத்துக்கும் போனோம். அச்சுக்கோப்பவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "கீழ வெறும் தாளா இருந்துச்சும்மா. மனசு கேக்கல. கை தானா எடுத்து வெச்சிருச்சு" என்றார். கடைசிப் பக்கத்தை மறுபடி அச்சிட்டு ஒட்டித் தருவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள். அவர் கொண்டுவந்து வைத்த தேநீரை முழுவதும் குடித்துவிட்டு, அடுத்த புத்தகத்துக்கும் உங்களிடம்தான் வருவேன் என்றாள்.

அடுத்த புத்தகத்தைத் தொடங்க நீண்ட காலம் ஆனது. இடையில் பிள்ளைகள், என் மேற்படிப்பு, என் பணியிடங்கள், ஊர்மாற்றங்கள். இவற்றுக்கிடையே சிறுகதைகள் வந்துகொண்டிருந்தன. ஆயர் குரோவில் நாங்கள் குடியேறிய பிறகு, இரண்டாவது நாவலை அவள் உணவு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். அது முடியவில்லை.

செய்யாமல் எஞ்சியிருப்பவை:

இரண்டாவது நாவலில் அவள் கடைசியாக எழுதிய அத்தியாயங்களைப் படியெடுத்தல். கையெழுத்து மிகவும் சாய்ந்துவிட்டது, பல சொற்களை என்னால் படிக்க முடியவில்லை.

முதல் நாவலின் மறுபதிப்புக்கு அவள் ஓரத்தில் குறித்துவைத்த திருத்தங்களைச் சேர்த்தல். ஒரு குறிப்பில், "இந்த வாக்கியத்தை எடுத்துவிடவும்" என்று இருக்கிறது. எந்த வாக்கியம் என்று குறிக்கப்படவில்லை.

மஸ்ஜித் தானாவிலிருந்து எழுதிக் கேட்ட வாசகிக்கு ஒரு பிரதி அனுப்புதல்.

பழுதுபார்க்கக் கொடுத்த அவள் மூக்குக் கண்ணாடியைக் கடையிலிருந்து வாங்கி வருதல்.